மூக்குத் துவாரத்துக்கு முந்நூறு

புஸ்ஸென்று ஒரு சீறல். அதன் பின்னாலேயே டிக், டிக், டிக் என்று, இருட்டில் யாரோ பிளாஸ்டிக் டப்பாவை நகத்தால் தட்டுகிற மாதிரி. மறுபடியும் புஸ். மறுபடியும் டிக், டிக். அப்புறம் ஒன்றுமில்லை, தெருவில் நாய் குரைப்பதுதான்.

பார்கவி, நீங்கள் கேட்ட கேள்விக்கு இந்தச் சத்தத்திலிருந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் மேலே வந்து, "அந்த ஹைட்ரஜன் மெஷின் நல்லதாங்க? உங்க வீட்ல இருக்குன்னு ஷெரின் மேடம் சொன்னாங்க, என் பையனுக்கும் வீசிங் இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டீர்கள். நான் உங்களை வாசலிலேயே நிற்க வைத்து, "எழுதி அனுப்புறேங்க, எனக்கு எழுதினாத்தான் ஒழுங்கா வரும்" என்று அனுப்பிவிட்டேன். ஒரு வாய் காபி கொடுக்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள். உள்ளே நங்கை இருந்தார். அவர் காதுபட மெஷினைப் பற்றி நான் பேசுவதில்லை.

நங்கை என்றால் என் கணவர் பூபதியின் அக்கா, துளசிமணி. நீங்கள் சென்னைப் பக்கம், வார்த்தை புதிதாக இருக்கும். இங்கே கோயமுத்தூரில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் சரியாக அமையாமல், பிள்ளையும் இல்லாமல், எங்களோடுதான் இருக்கிறார். ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. நல்லவர்தான். அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஆனால் பிள்ளை இல்லாத ஒருத்தர் உங்கள் பிள்ளையை ராத்திரியில் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய், அங்கேயிருந்து புஸ் புஸ்ஸென்று சத்தம் வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்களும் ஒரு தாய்தானே, சொல்லுங்கள்.

முதல் நாள் கேட்டபோது, "பாத்ரூம் கூட்டிட்டுப் போனேன் கண்ணு, நீ தூங்கு" என்றார். பாத்ரூம் என் அறைக்கு எதிரில் இருக்கிறது. அவர் அறை கடைசியில் இருக்கிறது. நான் அப்போதே குறித்துக்கொண்டேன், மனதில்தான்.

எதையும் சரிபார்க்காமல் வீட்டுக்குள் விடுகிற ஆள் இல்லை நான். அது கான்வென்டில் வந்த பழக்கம். எங்கள் சிஸ்டர் லியோனி, கேள்வித்தாள் கொடுத்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து கடைசி வரை படிக்க வைப்பார். படிக்காமல் எழுத ஆரம்பித்தவளின் தாளை வாங்கிக்கொள்வார். பிஸ்கெட் பாக்கெட்டைக் கூட நான் பின்பக்கம் படித்துவிட்டுத்தான் பிரிப்பேன். பூபதி சிரிப்பார். அவருக்கென்ன, அவர் பம்ப் கம்பெனி வேலையாக மாதத்தில் பாதி நாள் ராஜ்கோட்டில். குழந்தை ராத்திரி எப்படி மூச்சு விடுகிறது என்று காது வைத்துக் கேட்பது நான்தான்.

அதிராவுக்குப் போன மழைக்காலத்தில்தான் இழுப்பு ஆரம்பித்தது. எல்கேஜி சேர்த்த புதிது. டாக்டர் இரண்டு இன்ஹேலர் பம்ப் எழுதிக்கொடுத்தார். ஒன்று தினமும் காலையும் ராத்திரியும் கொடுக்க வேண்டியது. இன்னொன்று நீல நிறம், மூச்சு முட்டும்போது மட்டும். இரண்டையும் நேரடியாக வாயில் அடிக்கக் கூடாதாம், நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் நுனியில் முகமூடி, அதில் மாட்டிக் கொடுக்க வேண்டுமாம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை நான் பிரித்தேன். பார்கவி, போர்வை மாதிரி விரிகிறது அது. எறும்பு எழுத்து. படிக்கப் படிக்க வந்துகொண்டே இருந்தது. வளர்ச்சி குறையலாம், அது வரலாம், இது வரலாம். டாக்டரிடமே எடுத்துக்கொண்டு போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா, அதை வீட்டுல உக்காந்து படிக்காதீங்க. சந்தேகம்னா என்கிட்ட கேளுங்க. ஆனா மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க."

படிக்காதீங்க என்கிறார்! மறைக்க ஒன்றும் இல்லையென்றால் ஏன் படிக்காதே என்று சொல்ல வேண்டும்? அன்றிலிருந்து அந்த டாக்டர் மேல் எனக்கு ஒரு கண்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளி பழைய மாணவிகள் கூட்டத்தில் ஷெரின் அக்காவைப் பார்த்தேன். நீங்கள் ஷெரின் மேடம் என்கிறீர்களே, அவர்தான். நான் எட்டாவது படிக்கும்போது அவர் ஹெட் கேர்ள். அசெம்பிளியில் அவர் "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்றால் மைதானம் முழுக்க எல்லோர் காலும் ஒரே சமயத்தில் விலகும். சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்கும் அவர் என் பெயரைச் சொன்னதும் என் குதிகால் இரண்டும் அட்டென்ஷனில் தானாக ஒட்டிக்கொண்டது.

"சிந்துஜா! பாப்பாவுக்கு வீசிங்கா? ஓ மை காட், ஸ்டீராய்டா குடுக்கறே? வேண்டாம்டா. ஹைட்ரஜன். வெறும் தண்ணியில இருந்து வர்றது. தண்ணிக்கு என்ன சைட் எஃபெக்ட் இருக்கு?"

அதுவரைக்கும் யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. அந்த வாரமே மெஷின் வந்தது. நான் இரண்டு பம்பையும் குப்பையில் போட்டேன்.

இப்போது மெஷினைப் பற்றிச் சொல்கிறேன், நீங்கள் கேட்டது அதைத்தானே. வெள்ளை நிறம், ரைஸ் குக்கர் அளவு, முகப்பில் நீல விளக்கு. உள்ளே தண்ணீர் ஊற்ற ஒரு தொட்டி. அதிலிருந்து மெல்லிய குழாய், நுனியில் மூக்கில் வைக்க இரண்டு முனை. சுவிட்ச் போட்டால் குளுகுளுவென்று குமிழி விடும். அதிரா முதல் நாளே அதன் மேல் காதை வைத்து, "அம்மா, உள்ள மீன் இருக்கா?" என்று கேட்டாள். குழந்தைதானே.

குழந்தை மூக்கில் வைக்கும் முன் பெட்டியில் எழுதியிருந்ததை எல்லாம் நான் சரிபார்த்தேன். சும்மா இல்லை, வரி வரியாக. பெட்டி மேல் நிமிடத்துக்கு அறுநூறு மில்லி என்று இருந்தது. மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் முந்நூறு. உடனே ஷெரின் அக்காவுக்குப் போட்டோ அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது, சிரித்துக்கொண்டே. "சிந்து, மூக்குத் துவாரம் எத்தனை? ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் முந்நூறு. டோட்டல் எவ்வளவு? யூ வேர் ஆல்வேஸ் வீக் இன் மேத்ஸ்!"

நான் கணக்கில் வீக்தான். அவருக்கு அது கூட ஞாபகம் இருந்தது பாருங்கள்.

அடுத்தது, சுத்தம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது சதவீதம் ஹைட்ரஜன் என்று ஒரு பக்கத்தில். அடுத்த பக்கத்தில் ஹைட்ரஜன் அறுபத்தாறு, ஆக்ஸிஜன் முப்பத்துமூன்று. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? நான் விடவில்லை, கேட்டேன். "அறுபத்தாறும் முப்பத்துமூணும் கூட்டு. தொண்ணூத்தொன்பது வருதா? மீதிப் புள்ளிதான் குவாலிட்டி." கூட்டினேன். வந்தது.

மூன்றாவது, கூட வந்த சர்டிஃபிகேட்டில் ஹைட்ரஜன் என்ற பெயரே இல்லை. அறையை ஈரப்படுத்தும் கருவி என்று போட்டிருந்தது, மாடல் நம்பரும் வேறு. இதற்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் வந்தது. வெளிநாட்டில் ஈரக்காற்று தருகிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தானாம். "ஆர் யூ டவுட்டிங் மீ, சிந்துஜா?" என்று கடைசியில் ஒரு கேள்வி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இல்லை அக்கா, இல்லை அக்கா என்று மூன்று முறை எழுதினேன்.

பூபதியிடம் போனில், திறந்து உள்ளே பார்க்கட்டுமா என்று கேட்டேன். திறந்தால் வாரண்டி செல்லாது என்று சீல் ஒட்டியிருந்தது. "நீ பாத்தாச் சரியாத்தான் இருக்கும், போ" என்று வைத்துவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அப்படிப் பார்த்துப் பார்த்து நான் குழந்தைக்கு வைத்தால், நங்கை என்ன செய்தார் தெரியுமா? காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நான் பேட்டரிக் கடையில் கேன் வாங்கி வைத்திருக்கிறேன். இவர் சொம்பில் பிடித்துக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்.

"என்னங்க நங்கை இது?"

"சிறுவாணித் தண்ணி கண்ணு. உலகத்துலயே ருசியான தண்ணி. அதைப் போய் வேண்டாம்னு பேட்டரித் தண்ணிய ஊத்தற!"

"மெஷின் ருசி பாக்குமாங்க?"

"அப்ப என்ற மூக்குக்கும் ருசி தெரியாதுன்னு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு, குழாயைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு டிவி சீரியல் பார்க்க உட்கார்ந்தார். முழங்கால் வலி குறைகிறதா பார்க்கிறாராம். மூன்று நாள் பார்த்தார். "கால் வலி போகல. ஆனா சீரியல் கொஞ்சம் நல்லாருந்த மாதிரி இருந்துச்சு" என்றார். மற்றபடி மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை எதிராகச் சொல்லவில்லை. சண்டை போடவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நங்கை ஒரு விஷயத்துக்குச் சும்மா இருக்கிறார் என்றால், ஏற்கெனவே அதற்கு ஏதோ செய்துவிட்டார் என்று அர்த்தம்.

ஆனால் மெஷின் வேலை செய்தது, பார்கவி. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். அதிரா நன்றாகத் தூங்கினாள். இருமல் குறைந்தது. மாடிப்படி ஏறி ஓடினாள். தொட்டியில் தண்ணீர் கூடக் குறையவில்லை, அவ்வளவு சிக்கனம். ஷெரின் அக்கா என்னைப் பேசச் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டு போனார். உங்களிடம் என் பெயரைச் சொன்னது அதனால்தான்.

இருந்தாலும் நான் அதோடு விடவில்லை. பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் செய்தது ஞாபகம் வந்தது. அதிரா ஸ்கூலுக்குப் போயிருந்த ஒரு மதியம், அவளுடைய பழைய பால் புட்டியில் தண்ணீர் நிரப்பி, வாளியில் தலைகீழாகக் கவிழ்த்து, மெஷின் குழாயை அடியில் விட்டேன். வாயு மேலே ஏற ஏற தண்ணீர் கீழே இறங்கும். அப்படியே அளந்துவிடலாம். ஒரு ஹெயில் மேரி, இருபது விநாடி இருக்கும், சொல்லி முடிப்பதற்குள் கால் லிட்டர் புட்டி காலி. எனக்குப் பயம் வந்தால் முருகா என்பதற்கு முன்னால் கான்வென்டில் சொன்ன மாதா ஜெபம், அந்த ஹெயில் மேரிதான் வாயில் வரும், பழக்கம். அறுநூறுக்கும் மேலேயே வருகிறது! ஷெரின் அக்காவிடம் சொன்னேன். "எக்ஸ்ட்ரா வந்தா சந்தோஷப்படு" என்றார்.

அடுத்து, வருவது ஹைட்ரஜன்தானா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தீக்குச்சி. புட்டி வாயருகே கொண்டுபோனால் 'பாப்' என்று வெடிக்கும், எட்டாம் வகுப்புப் பாடம். ஜன்னலை எல்லாம் திறந்து வைத்தேன். பூபதியின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். மெஷினை நிறுத்திவிட்டு, புட்டியை மட்டும் தூரக் கொண்டுபோய், கையை முழு நீளத்துக்கு நீட்டிக் குச்சியைக் கிழித்தேன். சாப்பாட்டுக்கு வந்த நங்கை சமையலறை வாசலில் நிற்கிறார்.

"ஏஞ் சிந்து, சிலிண்டர்காரங்கூடச் சண்டைக்குப் போறியா?"

"பேசாதீங்க நங்கை, வெடிக்கும்."

வெடிக்கவில்லை. குச்சி பாட்டுக்கு எரிந்து என் விரலைச் சுட்டது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படியே. நங்கை கிட்டே வந்து புட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப இதுக்குள்ள வெறுங் காத்தா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க."

"நாஞ் சொல்லல கண்ணு. குச்சி சொல்லுது."

ஷெரின் அக்காவுக்கு இதைச் சொன்னதும், சுத்தமான ஹைட்ரஜன் வெடிக்காது, அமைதியாக எரியும், காற்றுக் கலந்தால்தான் வெடிக்கும் என்றார். தீ ஏன் தெரியவில்லை என்றால், அந்தத் தீ வெளிர் நீலம், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்றார். நான் உடனே பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டும் அப்படியே அச்சாகி இருக்கிறது! விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு முறை செய்து பார்த்திருக்கலாம். எதற்கு, புத்தகத்திலேயே இருக்கும்போது?

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு ராத்திரி நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். நங்கை வந்தார், குழந்தையைத் தோளில் போட்டார், போனார். பின்னாலேயே வெறும் காலில் போனேன். அவர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலில் அதிரா தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் முகமூடி. அந்த நீளக் குழாய். நங்கை பம்பை அழுத்துகிறார். புஸ். அதிரா மூச்சு இழுக்க இழுக்க, குழாயில் உள்ள சின்ன வால்வு டிக், டிக் என்று திறந்து மூடுகிறது. நான் குப்பையில் போட்ட மருந்து, பார்கவி! நான் போர்வை அளவு காகிதத்தில் படித்துப் பயந்து தூக்கிப்போட்ட அதே மருந்து!

"என்னங்க நங்கை பண்றீங்க?"

அவர் திடுக்கிடக் கூட இல்லை. முகமூடியை எடுத்து, குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்க வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"தூக்கி எறிஞ்சுட்ட. எனக்கு மனசு கேக்கல. டாக்டர் சீட்டு அலமாரியில இருந்துச்சு, போய் வேற வாங்கிட்டு வந்தேன். காத்தால நீ குளிக்கறப்ப, ராத்திரி நீ தூங்கறப்ப."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

"கேட்டாக் குடுத்திருப்பியா?"

"அந்த மருந்தால வளர்ச்சி நின்னு போகுமுங்க!"

"மூச்சு நின்னு போனா வளந்து என்ன பண்றது?"

பார்த்தீர்களா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாயில் என்ன வார்த்தை வருகிறது என்று. நான் அழுதுவிட்டேன். அதிரா என்னைப் பார்த்து, "அத்தை மேல கத்தாதம்மா, இது எங்க சீக்ரெட்" என்றாள். சீக்ரெட்டாம். பெற்றவளுக்குத் தெரியாமல் நாலு வயசுக் குழந்தைக்கு ஒரு ரகசியம்.

அப்படியானால் அத்தனை நாள் அதிரா நன்றாகத் தூங்கியது மெஷினாலா பம்பாலா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஷெரின் அக்காவிடம் கேட்டேன். "அந்த விஷத்தையும் தாண்டி மெஷின் வேலை செஞ்சிருக்கு பாரு. இனிமே எவ்வளவு நல்லா இருக்கும்னு யோசி" என்றார். யோசித்தால் சரியாகத்தான் பட்டது.

இரண்டு பம்பையும் பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை ஊக்கில் கோத்து நைட்டியின் உள்பக்கம் குத்திக்கொண்டேன். நங்கை சண்டைக்கு வரவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "சாவி குடு சிந்து" என்பார். "மாட்டேனுங்க" என்பேன். ராத்திரி வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சாவி குடு." அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளில் அதிராவுக்கு இருமல் திரும்பியது. ராத்திரியில் அவள் முதுகில் காது வைத்தால் உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருந்தது. ஹீலிங் க்ரைசிஸ், உடம்பு பழைய மருந்தை வெளியே தள்ளுகிறது, அப்படித்தான் இருக்கும், பயப்படாதே என்று ஷெரின் அக்கா சொன்னார். நான் பயப்படாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை என்பது வேறு விஷயம்.

இன்றைக்கு நங்கைக்கு வார விடுமுறை. நீங்கள் வந்துவிட்டுக் கீழே இறங்கிய கொஞ்ச நேரத்தில் அதிரா கார் பார்க்கிங்கில் விளையாடிவிட்டு மேலே வந்தாள். வந்து சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை. தோள் இரண்டும் காது வரை ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நான் ஓடிப்போய் மெஷினைப் போட்டுக் குழாயை மூக்கில் வைத்தேன். அவள் அதைத் தட்டிவிட்டாள். "அம்மா" என்றாள். கொஞ்சம் மூச்சு. "வேண்டாம்" என்றாள். மறுபடி மூச்சு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவள் எங்கேயோ போய்விட்டு வருகிற மாதிரி இருந்தது.

நான் போனை எடுத்தேன். ஷெரின் அக்கா உடனே எடுத்தார். "இதுதான் பீக். இதைத் தாண்டிட்டா ஷீ வில் பி ஃபைன். வேற எதுவும் குடுத்துக் கெடுத்துடாதே. பக்கத்துலதான் இருக்கேன், பெரிய மாடலோட வர்றேன்."

நங்கை குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் தலையோடு வெளியே வந்தார். அதிராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டாக்டரையா கூப்பிட்ட?"

நான் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"சாவி."

இந்தத் தடவை நான் மாட்டேன் என்று சொல்லவில்லை, பார்கவி. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். நானேதான் நைட்டிக்குள் கையை விட்டேன். ஊக்கு கழலவில்லை. மடங்கிக்கொண்டுவிட்டது, விரலில் குத்துகிறது. நங்கை என் கையைத் தள்ளிவிட்டு, துணியோடு சேர்த்துச் சாவியைக் கிழித்து எடுத்தார். அந்த நைட்டி தீபாவளிக்கு எடுத்தது.

குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, நீலப் பம்பைக் குழாயில் மாட்டினார். ஆனால் அதிரா அவரிடம் நிற்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நங்கை முகமூடியை என்னிடம் கொடுத்தார். நான் பிடித்தேன். அவர் அழுத்தினார். இழு சாமி, விடு சாமி, இழு, விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஹெயில் மேரி சொல்லிக்கொண்டே இருந்தேன். எது யாருக்குக் கேட்டதோ தெரியாது. நடுவில் நங்கை டாக்டருக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். எப்படிக் கொடுக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் தணிய வேண்டும், தணியாவிட்டால் நேராக எங்கே வர வேண்டும் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மருந்தை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. "காலையில முதல் ஆளா கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். ஏன் திட்டவில்லை என்று இப்போது வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தோள் மெல்ல இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே போவதும் நின்றது. "பசிக்குது" என்றாள். நான் போய்த் தயிர்சாதம் பிசைந்தேன். நங்கை கீழே போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு வந்தார். அதிரா இரண்டு வாய் சாப்பிட்டு, அவர் தோளிலேயே தூங்கிவிட்டாள். மெஷின் அது பாட்டுக்குக் குளுகுளுவென்று ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை.

அப்போதுதான் காலிங் பெல் அடித்தது.

கதவில் இருக்கிற கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். ஷெரின் அக்கா. மடிப்புக் கலையாத புடவை, பக்கத்தில் பெரிய பெட்டி. நான் பார்ப்பது தெரிந்த மாதிரி சிரித்தார்.

"சிந்து, நான்தான். ஓபன் தி டோர், டியர்."

நங்கை பின்னாலிருந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "யாரு, உன்ற லீடரம்மாவா? தொறந்து வுடு. உள்ள வந்து இந்தக் குழந்தை மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு, இது நல்லதுக்குத்தான்னு."

குத்தல்தான். நான் கண்டுகொள்ளவில்லை. கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "அக்கா, பாப்பா தூங்கறா" என்றேன்.

"குட், குட். அப்புறம், கீழ் வீட்டு பார்கவி உன்னைப் பாக்க வந்தாங்களா? என்ன சொன்னே? நல்லா சொன்னியா?"

அதிராவுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார் என்று நான் கொஞ்ச நேரம் நின்றேன். மூச்சு வந்ததா, சாப்பிட்டாளா, ஏதாவது. கேட்பதாக இருந்திருப்பார். வெளியே லிஃப்ட் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

"இப்ப அவங்க வீட்டுக்குத்தான் போகணும். நீயும் கூட வா. நீ சொன்னா நம்புவாங்க." பிறகு அந்தக் குரல் வந்தது, மைதானத்துக் குரல். "சிந்துஜா! ஓபன்!"

கிழிந்த நைட்டியோடு என் குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டது. கதவின் கைப்பிடி கீழே இறங்கியது. எங்கள் கைப்பிடிப் பூட்டு ரொம்ப நாளாகச் சரியில்லை, அழுத்தித் தள்ளினால் திறந்துகொள்ளும். கதவு ஒரு விரல் அளவு உள்ளே வந்தது. நான் தோளைக் கொடுத்துச் சாத்தினேன்.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பார்கவி. அவர் மேல் சந்தேகப்பட்டு நான் இதைச் செய்யவில்லை. அவர் எங்கள் ஹெட் கேர்ள். குழந்தை எழுந்துவிடுமே என்றுதான். மெஷினை வாங்காதீர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் இஷ்டம், நான் சரிபார்த்ததை எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். நங்கையைப் பற்றிய சந்தேகமும் எனக்கு அப்படியேதான் இருக்கிறது. பிள்ளை இல்லாதவர், ராத்திரியில் எழுந்து நடக்கிறவர்.

எங்கள் வீட்டு மேல் தாழ்ப்பாள் எனக்கு எட்டாது. அதிராவின் பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் இழுத்து ஏறினேன். அது ஆடியது. நங்கை குழந்தையைத் தோளில் போட்டபடியே வந்து, ஒரு காலை ஸ்டூல் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். விழாமல் பிடிப்பாரா என்று நான் கீழே குனிந்து பார்க்கவில்லை. எக்கி, இரண்டு கையாலும், தாழ்ப்பாளைத் தள்ளினேன். கடைசி வரை போய் விழுந்தது.